தோன்றா எழுவாய்

தமிழ் வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயம் இல்லை. ‘வந்தாள்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒருத்தி இருக்கிறாள். அவள் வந்து சேர்ந்துவிட்டதும் இருக்கிறது. பால், எண், இடம், காலம் எல்லாவற்றையும் வினைமுற்றே சுமந்துகொள்கிறது. இப்படி வெளித்தெரியாமல் நிற்பதை இலக்கணம் ‘தோன்றா எழுவாய்’ என்கிறது. பெயர் சொல்லவில்லையே தவிர ஆள் அங்கேதான் இருக்கிறாள். விகுதியைப் பிடித்து இழுத்தால் வெளியே வந்துவிடுவாள்.

அறிவியல் எழுத்துக்குள் நுழைந்ததும் இந்த வசதி நின்றுபோகிறது. ‘கண்டறியப்பட்டது’, ‘அளவிடப்பட்டது’, ‘ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டனர்’, ‘ஒப்புதல் பெறப்பட்டது’. இந்த விகுதிகளை எவ்வளவு இழுத்தாலும் செய்தவர் வரமாட்டார். கண்டறியப்பட்ட பொருள் வரும், உட்படுத்தப்பட்ட உடல்கள் வரும். செய்த கை மட்டும் எங்கேயோ பின்னால் நின்றுகொள்ளும். இளங்கலை மாணவிகளுக்கு ‘அறிவியல் தமிழ்’ என்றொரு தாளைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கலைச்சொல்லாக்கம், மொழிபெயர்ப்பு, பயிற்சி என்று போகும் பாடம். இந்தச் செயப்பாட்டுவினையை நடைக்குறையாகத்தான் எங்கள் துறையில் பேசுவோம்: கரடுமுரடு, ஆங்கிலவாடை, திருத்து. நடை பற்றிய பேச்சு எனக்கு இப்போது போதவில்லை. எழுவாய் மறைவது ஓர் அறவியல் கேள்வி என்றே படுகிறது. யாருடைய எழுவாய் எப்போது மறைகிறது, மறைவதால் யாருக்கு என்ன நேர்கிறது?

முதலில் மறைவின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் அறிவியலைத் திட்டுவது எளிது. பெண்ணியக் கட்டுரைகளில் நிறையவே நடந்துமிருக்கிறது. ‘நீர் 100 பாகையில் கொதித்தது’ என்ற வாக்கியத்துக்குக் கொதிக்கவைத்தவர் தேவையில்லை. பிராமணர் கொதிக்கவைத்தாலும் பறையர் கொதிக்கவைத்தாலும் அது 100 பாகைதான். மாதவிலக்கான பெண் அடுப்பேற்றினாலும் அதே 100 பாகைதான். யார் வாயிலிருந்து வந்தாலும் பொருளைப் பார் என்று வள்ளுவர் சொன்னதை நிறுவனமாக்கிக் காட்டுவதாக நவீன அறிவியல் வாக்குக் கொடுத்தது. பிறப்பை வைத்தே ‘இதை அறிய நீ தகுதியற்றவள்’ என்று சொல்லப்பட்ட நமக்கு, அறிந்தவர் யாரென்று கேட்காத ஓர் அறிவு பெரிய விடுதலை. அந்த வாக்குறுதியை நான் கைவிடத் தயாரில்லை. டோனா ஹாராவே 1988இல் எழுதிய கட்டுரையில், எங்குமே நில்லாமல் எல்லாவற்றையும் பார்ப்பதாகச் சொல்லும் பார்வையைக் கடவுளின் தந்திரம் என்று பகடி செய்தார். பார்வை எப்போதும் ஓர் உடலிலிருந்து, ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்றார். சரிதான். ஆனால் இடத்தைக் காரணம் காட்டியே காலம்காலமாக வாயடைக்கப்பட்டவர்களுக்கு, இடமே இல்லாத ஒரு குரல் கிடைப்பதில் இருக்கும் கவர்ச்சியையும் புரிந்துகொள்ள வேண்டும்.

அன்னா மணிக்கு அந்தக் கவர்ச்சி இருந்தது என்று நினைக்கிறேன். 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1940இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு உதவித்தொகையோடு போனவர். சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களும் மாணிக்கங்களும் ஒளியை எப்படி உமிழ்கின்றன, எப்படி உறிஞ்சுகின்றன என்று ஆராய்ந்தார். ஒரு நிறமாலையைத் தகட்டில் பதிக்க 15, 20 மணி நேரம் ஒளிபடவைக்க வேண்டியிருந்த காலம் அது. இரவுகளை ஆய்வகத்திலேயே கழித்திருக்கிறார். அதே ராமன், 1933இல் கமலா சோஹனி உயிர்வேதியியல் படிக்க வந்தபோது பெண் என்பதற்காகவே மறுத்து, பிறகு ஓராண்டு சோதனைக்காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டவர். அந்த ஆய்வகத்தில் ஆண்களும் பெண்களும் கலந்து பேசக்கூடாது என்ற கெடுபிடியும் இருந்தது. அறிவியல் உரையாடலில் பாதி மேசையோரம் தேநீரோடு நடப்பது. அந்தப் பாதி பெண்களுக்கு அடைபட்டிருந்தது.

1942க்கும் 1945க்கும் இடையில் அன்னா மணி தனி ஆளாக ஐந்து ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டார். முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிப் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். ஆனர்ஸ் படிப்பு, கழகத்தின் உதவித்தொகை, அச்சேறிய ஐந்து கட்டுரைகள் எதுவும் கணக்கில் வரவில்லை. ‘பட்டம் மறுக்கப்பட்டது’. இதிலும் எழுவாய் இல்லை, கவனியுங்கள். ஒரு விதி மறுத்தது. விதிக்குப் பாலினம் உண்டா என்று கேட்டால் கிடையாது என்றுதான் எழுத்தில் பதில் வரும்.

இதற்கு அவர் என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியம். பிற்காலத்தில் அவரைச் சந்தித்து எழுதிய ஆபா சூர் பதிவு செய்திருப்பதன்படி, பட்டம் இல்லாததால் தனக்குப் பெரிய வேறுபாடு ஒன்றும் நேரவில்லை என்பதில் அன்னா மணி உறுதியாக இருந்தார். பாதிக்கப்பட்ட பெண் என்ற வேடத்தை அவர் போட மறுத்துவிட்டார். அவர் வாழ்நாளெல்லாம் செய்தது கருவிகளைச் சரியாக அளக்கவைக்கும் வேலை. இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி இங்கேயே செய்யவைத்தார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்ற பிறகு, இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளைக் கையேடாகத் தொகுத்து 1980இல் வெளியிட்டார். தவறான அளவீட்டைவிட அளவீடே இல்லாதது மேல் என்ற பிடிவாதம் அவருடையது. மழைமானிக்குத் தன்னைப் படிப்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. அந்தத் தெரியாமைக்குள் அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரைப் ‘பெண் விஞ்ஞானி’ என்று நாம் இன்று இழுத்துவந்து மேடையேற்றும்போது, அவர் விரும்பிக் கழற்றிவைத்த ஒன்றை மறுபடி அணிவிக்கிறோம் என்ற கூச்சம் எனக்கு உண்டு. ஏ. மணி என்று மட்டும் எழுதினால் தமிழ்க் காதுக்கு அது ஓர் ஆணின் பெயர் என்பது வேறு விஷயம்.

கருவிக்குத் தெரியாதது பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்திருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. ஓர் அளவீடு மெய்யா பொய்யா என்று பார்க்க எழுவாய் வேண்டியதில்லை. அந்த அளவீட்டுக்கு இடம் கொடுத்தது யார், மறுத்தது யார், அதன் விலையைச் செலுத்தியது யார் என்று கேட்க எழுவாய் வேண்டும். முதலாவதற்காக மறைத்துவைத்ததை இரண்டாவதற்கும் மறைத்துவிடுவதுதான் சிக்கல்.

தாவர ஆய்வில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அங்கே மறைபவர்கள் ஒரே தட்டில் இருப்பவர்கள் அல்லர். தலச்சேரியில் 1897இல் தீயர் குடும்பமொன்றில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னையில் படித்தவர், பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்தவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவரானவர். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1930களில் அவர் செய்த வேலை இன்று எந்தக் கரும்புச்சாறுக் கடையிலும் யாருக்கும் நினைவில்லை. நல்ல இனிப்புக் கரும்பு நம் பருவத்தையும் நோயையும் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணல் இனக் காட்டுக்கரும்பு எல்லாவற்றையும் தாங்கும், ஆனால் இனிக்காது. இரண்டையும் கலப்பதுதான் அந்த நிலையத்தின் பெரிய சாதனை. ஜானகி அம்மாள் அந்தக் கலப்புகளின் உயிரணுக்களுக்குள் போய்க் குரோமோசோம்களை எண்ணினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் கலந்து பார்த்தார். மணமாகாத பெண், மேல்சாதி அல்லாதவர் என்ற இரண்டும் அங்கே அவரை உறுத்தலுக்கு உள்ளாக்கின. பின்னர் இங்கிலாந்து போனார். குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை எழுதினார். 1945இல் அது வெளிவந்தது, அட்டையில் அவர் பெயரோடு. ஒரு மக்னோலியா வகைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1955இல் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் மாற்றியது பற்றிக் கூடிய புகழ்பெற்ற கருத்தரங்கில் அழைக்கப்பட்டிருந்த ஒரே பெண் அவர். அந்தக் கருத்தரங்கின் ஆங்கிலத் தலைப்பில் மனிதன் என்பதற்கு இருந்த சொல் ஆணைக் குறிப்பது. அவர் சிரித்திருப்பாரா என்று யோசிப்பேன்.

ஜானகி அம்மாளை மீட்டுவிட்டோம்; பாடநூலில் வருகிறார், தபால் உறைகளில் வருகிறார். ஆனால் கலப்பினம் என்பது ஆய்வகத்தோடு முடிவதில்லை. 1970இல் சூரத்தில் சி.டி. பட்டேல் வணிக முறையில் பயிரிடத்தக்க உலகின் முதல் கலப்பினப் பருத்தியை வெளியிட்டார். கலப்பின விதையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். பருத்தி மொட்டு விரிவதற்கு முந்தைய மாலையில் அதைக் கையால் பிரித்து, சூலகம் கெடாமல் மகரந்தத்தாள்களை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவ வேண்டும். ஒவ்வொரு மொட்டுக்கும், ஒவ்வொரு நாளும், மாதக்கணக்கில். ஆந்திரத்திலும் குஜராத்திலும் கர்நாடகத்திலும் நம் மாநிலத்திலும் இதைச் செய்தவர்களில் பெரும்பகுதி பள்ளி செல்ல வேண்டிய வயதுச் சிறுமிகள் என்பது 1990களிலிருந்து ஆவணமாகியிருக்கிறது. சிறிய விரல், செடியளவு உயரம், குறைந்த கூலி என்று காரணங்கள் சொன்னார்கள். ‘கலப்பு மகரந்தச் சேர்க்கை செய்யப்படுகிறது’ என்று பாடநூல் எழுதும்போது இந்த விரல்கள் எங்கே போயின? அவை அறிவியலுக்கு வெளியே, ‘கூலி’ என்ற தலைப்பின் கீழ் போயின. ஜானகி அம்மாளை மறைத்ததும் இந்தச் சிறுமிகளை மறைத்ததும் ஒரே இலக்கணம். மீட்பு மட்டும் ஒன்றாக இருக்க முடியாது. அந்தச் சிறுமிக்கு மக்னோலியா வேண்டாம், ஏழாம் வகுப்பு வேண்டும்.

பள்ளிக்கூடம் என்றதும் ஒரு சிறு விலகல். டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1983இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. 4,807 குழந்தைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார்கள். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். ஒரு பையன்கூட வரையவில்லை. ஆங்கிலச் சொல்லில் பால் இல்லை. நம் ‘விஞ்ஞானி’யிலும் இல்லை. நாம் மரியாதைக்காக ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுகிறோம்; அந்த ‘ஆர்’ விகுதி பெண்ணையும் ஏற்கும் என்பது இலக்கணப்படி சரி. ஆனால் வெற்று ‘ஆர்’ ஒன்றைப் பார்த்தால் குழந்தையின் மனம் அதற்குத் தாடி வைத்துவிடுகிறது. பின்னால் வந்த பல ஆண்டுப் படங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள், அமெரிக்கப் பிள்ளைகள் வரையும் பெண் விஞ்ஞானிகளின் எண்ணிக்கை கூடியிருப்பதாகவும், வயது ஏற ஏற அது குறைவதாகவும் கண்டார்கள். வளர வளர எதையோ கற்றுக்கொள்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அது திண்டுக்கல்.

2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய பெரிய ஆய்வு தொடங்கியது. செலவில் பெரும்பங்கு கேட்ஸ் அறக்கட்டளையின் வழி வந்தது. நோய் வருமுன் கண்டறியும் பாப் பரிசோதனைக்கு ஆய்வகமும் நிபுணரும் வேண்டும்; ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது என்பது வாதம். அதற்கு மாற்றாக ஓர் எளிய வழி இருந்தது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறத்தாழ நம் சமையலறை வினிகரை, கருப்பைவாயில் தடவினால் கோளாறான இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துச் சொல்லிவிடலாம். தேவைப்பட்டால் அங்கேயே அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். இது உண்மையில் உயிர் காக்குமா என்று பார்க்க 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களுக்குப் பரிசோதனைக்கு அழைப்பு, வந்தவர்கள் 31,343. மற்ற 57 தொகுதிகளின் 30,958 பெண்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2006 வரை இரு தரப்பையும் பின்தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு லான்செட் இதழில் முடிவு வந்தது: அழைக்கப்பட்ட ஊர்களில் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. அந்த ஊர்களில் இறந்தவர்கள் 83 பேர். எண்ணிக்கையில் சிறிய மற்றத் தரப்பில் 92 பேர்.

இந்த ஆய்வின் சுருக்கத்தைத் தமிழாக்கி, செயப்பாட்டுவினையைச் செய்வினையாக மாற்றும் பயிற்சியாக வகுப்பில் கொடுத்தேன். ‘பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர்’ எளிதாக மாறியது: செவிலியர் பெண்களைப் பரிசோதித்தனர். ‘தொகுதிகள் பிரிக்கப்பட்டன’ என்பதும் மாறியது. கடைசி வாக்கியத்தில் ஒரு மாணவி நின்றுவிட்டாள். ‘கட்டுப்பாட்டுக் குழுவில் 92 இறப்புகள் ஏற்பட்டன.’

“மேடம், இதுல செயப்பாட்டுவினையே இல்லியே. ஏற்பட்டனன்னு தன்வினையா இருக்கு. இறப்பே எழுவாயா நிக்குது. இதுக்கு மேல எப்படி மாத்துறது?”

மற்றவர்கள் ‘92 பெண்கள் இறந்தனர்’ என்று எழுதியிருந்தார்கள். அவள் வெகுநேரம் எழுதி அடித்து எழுதியதைத் தாளை வாங்கியபோது பார்த்தேன்: ‘92 பெண்கள் இறந்ததை அவர்கள் எண்ணினார்கள்.’

நான் மதிப்பெண் போட்டுவிட்டேன். அதற்கு என்ன விடை சொல்வது என்று பல நாள் யோசித்தேன்.

‘கட்டுப்பாட்டுக் குழு’ என்ற கலைச்சொல்லே நம் காதில் வேறு மாதிரி விழுகிறது. ஊர்க் கட்டுப்பாடு, வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு என்று பழகிய காது. அறிவியலில் அதன் பொருள் ஒப்பிடுவதற்காக எதுவும் செய்யாமல் விட்டுவைத்திருக்கும் குழு. செடியில் என்றால் உரம் போடாத பாத்தி.

ஆய்வாளர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய கேள்வி உண்மையான கேள்வி. வினிகர்ச் சோதனை வெளுப்பைக் காட்டும் என்று தெரியும்; ஒரு மாவட்டம் முழுக்கச் செய்தால் சாவு குறையுமா என்று அன்று தெரியாது. தெரியாமலே ஊர் ஊராகச் செய்து பெண்களுக்கு வீண் அச்சத்தையும் வீண் சிகிச்சையையும் கொடுத்திருக்கலாம். அந்த முடிவு கைக்கு வந்த பிறகுதான் தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007இல் முன்னோட்டமாகத் தொடங்கி, பின் மாநிலமெங்கும் இந்தப் பரிசோதனையை விரித்தது. அந்த எண்களின் பலனை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம்.

மறுபக்க வாதமும் வலுவானது. மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் இதே போன்ற ஆய்வுகள் நடந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா, பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட குழுக்களில் 254 பெண்கள் இறந்ததாகக் கணக்குக் காட்டி, இது அறமற்றது என்று முறையிட்டார். பாப் பரிசோதனை கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவைக் குறைக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த ஒன்று. பணக்கார நாடுகள் தங்கள் பெண்களில் பாதியைச் சோதிக்காமல் விட்டு எண்ணிப் பார்த்த பிறகு அதைக் கொண்டுவரவில்லை. ஆய்வாளர் தரப்பின் பதில்: இந்தியாவில் வழக்கமான கவனிப்பு என்பது பரிசோதனை இல்லாமைதான், கட்டுப்பாட்டுக் குழுப் பெண்களிடமிருந்து நாங்கள் எதையும் பறிக்கவில்லை.

இந்தப் பதில் தர்க்கப்படி சரியாக இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. ‘வழக்கமான கவனிப்பு’ என்ற தொடரின் எழுவாய் யார்? அந்த வழக்கத்தை உண்டாக்கியது யார்? ஐம்பது ஆண்டுகளாக ஓர் அரசு, ஒரு மருத்துவத்துறை, பெண்ணின் இடுப்புக்குக் கீழே பிள்ளைப்பேற்றையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் தவிர வேறெதையும் பார்க்காத ஒரு பார்வை, வெள்ளைப்படுதலை வெளியே சொல்லக் கூசவைத்த ஒரு வளர்ப்பு. இத்தனை பேரும் சேர்ந்து செய்த ஒன்றுமில்லாமையை ஆய்வு வந்து கண்டெடுத்து, மழையளவு போல, அவ்வூரின் இயற்கை நிலையாகக் குறித்துக்கொண்டது. பறிக்கவில்லை என்பது உண்மைதான். முன்பே பறித்தாகிவிட்ட இடமாகப் பார்த்துத்தான் ஆய்வு வந்தது.

இந்த 92 பேரும் பரிசோதனை செய்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று கோபத்தில் எழுதுவது தவறு. பரிசோதனை 35 விழுக்காட்டைத்தான் குறைத்தது. அந்தக் கணக்கில் சுமார் 32 பேர் உயிரோடு இருந்திருக்கலாம். எந்த 32 பேர்? இங்கேதான் என் தமிழ்ப் படிப்பு கைவிட்டுவிடுகிறது. ஜானகி அம்மாளின் பெயரை யாரோ மறந்தார்கள், தேடினால் கிடைக்கும். பருத்திக்காட்டுச் சிறுமியின் பெயரை யாரும் எழுதவில்லை, போய்க் கேட்டால் சொல்வாள். இந்த 32 பேருக்கு மட்டும் பெயர்ப்பட்டியலே சாத்தியமில்லை. 92 பேரின் பெயரும் ஊரும் புற்றுநோய்ப் பதிவேட்டில் இருந்தாலும், அவர்களில் யார் தப்பியிருப்பார், யார் எப்படியும் இறந்திருப்பார் என்று ஆய்வாளருக்கும் தெரியாது, குடும்பத்துக்கும் தெரியாது, தெய்வம் இருந்தால் அதற்கே தெரியுமோ என்னவோ. தவிர்த்திருக்கக்கூடிய சாவு உண்டு. அதற்கு உரியவள் என்று விரல் நீட்டக்கூடிய ஒருத்தி இல்லை. தோன்றா எழுவாய்கூட இல்லை இது.

நம் மரபில் பெயர் சொல்லாமைக்கு ஓர் அழகான நியாயம் உண்டு. அகப்பாட்டில் யாரையும் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. தலைவி, தோழி, செவிலி, நற்றாய் என்று நிலைதான் உண்டு. பெயர் வந்துவிட்டால் அது புறமாகிவிடும். அந்தரங்கம் அந்தரங்கமாகவே இருக்கப் பெயரை நீக்குகிறார்கள். ஆய்வறமும் அதையேதான் சொல்கிறது. கருப்பைவாய் அகத்திலும் அகம். அந்தப் பெண்களின் பெயர் லான்செட்டில் வராததற்கு நான் நன்றியுள்ளவள். ஆனால் இறப்பு புறம். போரில் இறந்தவருக்கும் ஆநிரை மீட்டு இறந்தவருக்கும் ஊரார் கல் நட்டுப் பெயரும் பீடும் பொறித்தார்கள். அந்த ஊர்களின் கட்டுப்பாட்டுக் குழு நமக்காக எதையோ மீட்டுக் கொடுத்திருக்கிறது. அதற்குக் கல் நடலாம் என்றால் பொறிக்கப் பெயர் இல்லை. ஆகவே கடன் 32 பேருக்கு அல்ல, 92 பேருக்கும் அல்ல. குலுக்கலில் அந்தப் பக்கம் விழுந்த 30,958 பேருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருப்பார்கள். 50களிலும் 60களிலும் 70களிலும், வேடசந்தூர்ப் பக்கம் பூப்பறித்துக்கொண்டோ ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி தரம்பிரித்துக்கொண்டோ இருக்கும் பெண்கள். தங்கள் ஊர் எந்தப் பக்கம் விழுந்தது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரிவிப்பது என்ற வினையும் எளிதாக மறையக்கூடியது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் இதே நோய்க்கான தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். கம்மத்தில் பலர் பழங்குடி விடுதிப் பிள்ளைகள். ஏழு சிறுமிகள் இறந்ததை அடுத்து 2010இல் நிறுத்தினார்கள். அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணை காணவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊசி நல்ல ஊசி, என் அண்ணன் மகளுக்குப் போடச்சொல்லி வற்புறுத்தியவள் நான். ஆனால் ஆந்திரத்தில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948இல் கைநாட்டு. 2,763இல் விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதைக் கடுமையாகச் சாடியது. அறிக்கைகளில் இப்படித்தான் வந்திருக்கும்: ‘ஒப்புதல் பெறப்பட்டது.’ மாற்றச் சொன்னால் என் மாணவி என்ன எழுதுவாள்? ‘அவள் ஒப்பினாள்’ என்று எழுத முடியாது. ‘அவளுக்காக அவர் ஒப்பினார்’ என்று எழுதினால் அது பெண் வரலாறு முழுவதற்கும் பொருந்திவிடும்.

போன ஆண்டு நானும் ஓர் அரசு மருத்துவமனையில் அந்த வினிகர்ச் சோதனை செய்துகொண்டேன். திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு விளக்கு. செவிலியர் என்னைவிட இளையவர், கை பக்குவமானது. “லேசா எரியும்க்கா, ஒரு நிமிஷம்தான்” என்றார். அந்த நிமிடத்தில் சுவரிலிருந்த கடிகாரத்தின் நொடிமுள்ளை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். “ஒண்ணுமில்ல, நல்லாருக்கு.” கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நீளமான பதிவேட்டைப் பிரித்தார். பேர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், சொன்னேன். அடுத்த கட்டத்துக்குப் போய்ப் பேனாவை நிறுத்தி, நிமிராமலே கேட்டார்:

“வீட்டுக்காரர் பேருக்கா?”